பழைய பதிவேட்டை மூடும் முன் பெண்களின் பெயரைக் கேளுங்கள்

மதிப்பிற்குரிய பாக் லூரா (ஊர்த் தலைவர்) அவர்களுக்கும், பாக் சாரிக் (ஊர்ச் செயலர்) அவர்களுக்கும், குடியிருப்புத் தலைவர்களுக்கும், ஊர் ஆலோசனை மன்ற உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

நம் ஊரில் இதுவரை சான்றிதழ் வாங்காத வயல்களையும் கொல்லைகளையும் வீட்டுமனைகளையும் வரும் பதிவுச் சுற்றில் ஒன்றுவிடாமல் அளந்து பதிந்துவிடப் போவதாகச் சென்ற ஊர்க்கூட்டத்தில் அறிவித்தீர்கள். மனதார வரவேற்கிறேன். எல்லைக்கல் நட்டு, வரைபடத்தில் ஏற்றி, அரசு முத்திரையோடு சான்றிதழ் கைக்கு வந்தால் பல வீடுகளில் நெடுநாள் பயம் தீரும். அதில் எழுதப்போகும் பெயரைப் பற்றித்தான் இந்த மடல்.

கேட்பது இதுதான். கணவனும் மனைவியும் சேர்ந்து வாழ்ந்த காலத்தில் சம்பாதித்து வாங்கிய நிலமென்றால் இருவர் பெயரையும் எழுதுங்கள். பெற்றோர் வழி வந்த நிலமென்றால், மகள்களைக் கேட்காமல் எந்த மகன் பெயரையும் எழுதாதீர்கள்.

இம்மடலை இந்தோனேசிய மொழியில் எழுதி ஊர் அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன். தமிழிலும் எழுதுவதற்குக் காரணம் உண்டு. நியாயம் எது என்று நான் யோசிப்பது தமிழில்தான். இதே கேள்வியைத் தங்கள் ஊரில் கேட்க வேண்டிய தமிழர்களும் இதைப் படிக்கட்டும் என்பது இன்னொரு காரணம்.

நான் இந்த ஊருக்கு, இந்தோனேசியாவின் ஜாவாத் தீவுக்கு, மருமகளாக வந்தவள். கடவுச்சீட்டு இன்னும் இந்தியாவினுடையது. 1960-ஆம் ஆண்டின் 5-ஆம் எண் அடிப்படை நிலச் சட்டம், அதன் 21-ஆம் பிரிவில், நிலத்தின் முழு உரிமையை இந்நாட்டுக் குடிமக்களுக்கு மட்டுமே தருகிறது. ஆகவே என் பெயரில் ஒரு சாண் வயலும் வராது. வர வேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. என் மாமியாருக்காகவும், நாற்று நடும்போது என் பக்கத்தில் நிற்கிற பூலிக்குகளுக்காகவும் பூதேக்களுக்காகவும், அதாவது சித்தி, பெரியம்மா முறைப் பெண்களுக்காகவும், எழுதுகிறேன். பல ஆண்டுகளாக அவர்கள் சமைத்ததைச் சாப்பிட்டு, அவர்கள் பேசுவதைக் கேட்டு வாழ்பவள் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

ஊர் அலுவலக அலமாரியில் இருக்கும் அந்தத் தடித்த பதிவேட்டை, லெத்தர் சே என்று நாம் சொல்வதை, நீங்கள் அனுமதித்தபோது புரட்டிப் பார்த்திருக்கிறேன். தமிழ்நாட்டு வாசகர்கள் அதை அடங்கல் போல நினைத்துக்கொள்ளலாம். வரி வாங்குவதற்காக எழுதத் தொடங்கிய ஏடு. பெயர், நிலத்துண்டின் எண், வயலா மேட்டு நிலமா என்று காட்டும் எழுத்து, தரம், பரப்பு, வரி என்று கட்டங்கள் போகின்றன. கடைசியில் ஒரு கட்டம்: மாற்றத்தின் காரணமும் தேதியும். நிலம் யாரிடமிருந்து வந்தது, விலைக்கா, வாரிசாகவா என்பதை அங்கே எழுத வேண்டும். பல பக்கங்களில் அந்தக் கட்டம் வெறுமையாக இருக்கிறது. சில பக்கங்களில் ‘வாங்கியது’ என்ற ஒரு சொல் மட்டும். எப்போது, யாருடைய பணத்தில் என்பது இல்லை. பெயர்க் கட்டத்தில் பெரும்பாலும் ஓர் ஆண் பெயர், குடும்பத் தலைவர் என்ற கணக்கில்.

அந்தக் காலத்தில் அது பெரிய குறையாகத் தெரிந்திருக்காது. வரி கட்ட ஒரு பெயர் போதும். யார் நிலம் என்பது ஊருக்கே தெரியும். ஆனால் 2021-ஆம் ஆண்டின் 18-ஆம் எண் அரசு ஒழுங்குவிதி, கிரிக், பெத்தோக், லெத்தர் சே போன்ற பழைய தனிநபர் ஆவணங்களுக்கு ஐந்தாண்டுக் கெடு வைத்தது. அந்தக் கணக்குப்படி 2026 பிப்ரவரிக்குப் பிறகு அவை உரிமைக்கான சான்றாக நிற்கமாட்டா. பதிவு செய்யும்போது பார்த்துக்கொள்ளும் குறிப்பாக மட்டுமே உதவும். பழைய தாள் வைத்திருப்பவரின் நிலத்தை அரசு எடுத்துக்கொள்ளும் என்று பரவிய வதந்தி பொய். அதைக் கூட்டத்தில் தெளிவாகச் சொன்னதற்கு நன்றி. என் பயம் வேறு. வரி கட்டுவதற்காக எழுதிய பெயர், யாரும் ஒரு வார்த்தை கேட்காமலே, உடைமையாளரின் பெயராக மாறிவிடப் போகிறது. லெத்தர் சேயில் இருப்பது தவறாகவே இருந்தாலும் நான்கு சாட்சிகளை வைத்துத் திருத்த முடிந்தது. சான்றிதழில் ஏறிவிட்டால் திருத்த வழக்கறிஞர் வேண்டும், பணம் வேண்டும், வருடக்கணக்கில் பொறுமை வேண்டும்.

நம் வயல்களில் யார் வேலை செய்கிறார்கள் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தமிழ் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். கிளாத்தென் மாவட்டம் யோக்யகர்த்தாவுக்கும் சோலோவுக்கும் நடுவே, மெராபி எரிமலையின் அடிவாரத்தில் இருக்கிறது. மலை குடித்த மழை கீழே ஊற்றாக வெளிவருகிறது. அந்தத் தண்ணீரால் வாய்க்கால் பாயும் வயல்களில் வருடம் மூன்று போகம்கூட எடுக்கிறார்கள். டெலாங்கு அரிசி என்றால் ஜாவா முழுக்கப் பெயர். ரோஜோலேலே என்ற மணமுள்ள நெல் இந்த மண்ணுடையது. உழுவதும் வரப்பு வெட்டுவதும் மருந்தடிப்பதும் ஆண்கள். நாற்றுப் பறிப்பது, குனிந்தபடியே பின்னோக்கி நகர்ந்து நடுவது, களை எடுப்பது எல்லாம் பெண்கள். அறுவடைக்கு முன் வயல் மூலையில் சோறும் முட்டையும் கோழியும் வைத்து நெல்லன்னை தேவி ஸ்ரீக்குப் படைக்கும் விவித்தானுக்குச் சமைப்பவர்களும் அவர்களே. நெல்லைப் பெண்ணாக நினைத்துக் கும்பிடும் ஊர் இது.

வயலோடு முடியவில்லை. விடியலுக்கு முன், சோயாவைப் புளிக்கவைத்துச் செய்யும் டெம்பேயையும் வாழைப்பழத்தையும் மெலிஞ்சோக் கொட்டையையும் கட்டிக்கொண்டு சந்தைக்குப் போகிறவர்களும் பெண்கள். ஜாவா வீடுகளில் பணம் பெண் கையில் இருக்கும் என்பது உலகத்துக்கே தெரிந்த விஷயம். சந்தையில் மிஞ்சியதைச் சிறுகச் சிறுகத் தங்கமாக்கி, விலை படிந்த நாளில் அந்தத் தங்கத்தை விற்று ஒரு துண்டு வயல் வாங்கிய குடும்பங்கள் நம் ஊரில் எத்தனை என்று ஒரு மாலை உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள். அந்த வயல்கள் பதிவேட்டில் யார் பெயரில் இருக்கின்றன என்றும் பாருங்கள். இந்தத் தலைமுறையில் தங்கத்துக்குப் பதில் ஹாங்காங்கிலிருந்தும் தைவானிலிருந்தும் வரும் சம்பளம். அங்கே பிறர் வீட்டு முதியவர்களைக் கவனித்துக்கொண்டு மகள் அனுப்பும் பணத்தில் இங்கே அப்பா பெயரில், தம்பி பெயரில், கணவன் பெயரில் நிலம் வாங்கப்படுகிறது. அவள் திரும்பி வரும்போது அது அவளுடையது என்று சொல்ல அவளிடம் ஒரு சீட்டும் இருக்காது.

பக்கத்துக் குடியிருப்பில் ஒரு மூதாட்டி இருக்கிறார். பெயர் வேண்டாம், உங்களுக்குத் தெரியும். இளம் வயதில் டெம்பே விற்றவர். வளையல்களை விற்று வாங்கிய வயல் கணவர் பெயரில் ஏறியது. பிள்ளைகள் இல்லை. கணவர் இறந்த பிறகு அவருடைய அண்ணன் பிள்ளைகள் வந்து, இது எங்கள் தாத்தா வழிச் சொத்து என்றார்கள். பூர்வீகச் சொத்தென்றால் பிள்ளையில்லாதவரின் பங்கு பிறந்த குடும்பத்துக்கே திரும்பும் என்பது இங்கே பழைய வழக்கம். சேர்ந்து சம்பாதித்ததென்றால் பாதி மனைவிக்கு. ஆகவே கேள்வி ஒன்றுதான்: அது வாங்கியதா, வந்ததா? பதிவேட்டில் காரணக் கட்டம் வெறுமை. விற்றவர் இறந்துவிட்டார். சாட்சியாக நின்றவர்களும் இறந்துவிட்டார்கள். உயிரோடிருந்த ஒரு கிழவர் உறவுக்காரர், வாய் திறக்கவில்லை. கடைசியில் பேச்சுவார்த்தை என்ற பெயரில் வயலின் ஒரு ஓரத்தை மூதாட்டிக்கு விட்டார்கள். மீதியில் இன்று அவர் கூலிக்கு நடவு செய்கிறார். யாரும் சட்டத்தை மீறியதாகச் சொல்ல முடியாது. அந்த ஏட்டில் ஒரு வரி எழுதியிருந்தால் இது நடந்திருக்காது.

நீங்கள் சொல்லக்கூடிய பதிலை நான் அறிவேன்: அது குடும்ப விவகாரம், ஊர் நிர்வாகம் தலையிடுவது ஒற்றுமையைக் கெடுக்கும். ஊர் ஒற்றுமையின் மதிப்பு எனக்குத் தெரியாமல் இல்லை. இரவுக் காவலர்கள் வீடு வீடாகத் தொங்கும் குவளையிலிருந்து ஒரு கை அரிசி எடுத்துப் பொது நிதி சேர்த்த ஊர் இது. இன்று அரிசிக்குப் பதில் சில்லறை போட்டாலும் பழக்கம் நிற்கவில்லை. கல்யாணம் என்றால் அழைக்காமலே பெண்கள் சமையலுக்கு வந்து நிற்கிறார்கள். மொய் கணக்கு பிசகுவதில்லை. 2006 மே 27 அன்று விடியற்காலையில் பூமி அதிர்ந்தபோது யோக்யகர்த்தாவிலும் கிளாத்தெனிலும் 5,700-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அப்போது வீடு கட்டும் உதவியைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் குழுக்களாகச் சேர்ந்து பெற்றுக் கட்டியதை என் கணவர் வீட்டார் இன்றும் பெருமையோடு சொல்கிறார்கள். அந்த ஒற்றுமையில் பாதிக்கு மேல் பெண்களின் உழைப்பு. பெயர் எழுதும் நேரத்தில் மட்டும் அவர்களை வெளியே நிறுத்துவதற்கு அந்த ஒற்றுமையைக் காரணம் காட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

நிலத்தைப் பற்றிக் கேள்வி கேட்க இந்த வட்டாரத்தில் மக்கள் தயங்குவதற்குப் பழைய காரணங்கள் உண்டு. இது முன்பு சோலோ அரசரின் ஆட்சிக்குட்பட்டிருந்த மண். நிலம் அரசருடையது, பிரபுக்களுக்கு மானியமாகப் போகும், அவர்கள் ஐரோப்பியத் தோட்டக்காரர்களுக்குக் குத்தகைக்கு விடுவார்கள். கொந்தாங் சர்க்கரை ஆலை 1860-இல் வந்தது. கிராமத்து நிலத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் ஆலைக்குக் கரும்போ புகையிலையோ, மறு பாதியில் குடியானவருக்கு நெல், பிறகு இடம் மாற்று என்ற சுழற்சி பல தலைமுறைகள் நடந்தது. குடியானவருக்கு நிலத்தில் தலைமுறை உரிமை எழுத்தில் கிடைத்ததே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்த சீர்திருத்தத்தில்தான். 1960-இல் நிலச்சீர்திருத்தச் சட்டங்கள் வந்தன. அவற்றை நடைமுறைப்படுத்தக் கேட்டு 1964-இல் குடியானவர்கள் தாங்களே இறங்கிய இடங்களில் கிளாத்தெனும் ஒன்று. அடுத்த ஆண்டு தொடங்கிய படுகொலைகளுக்குப் பிறகு, இது யார் நிலம் என்று கூட்டத்தில் உரக்கக் கேட்பதே ஆபத்தான காரியம் ஆனது. என் மாமியார் இன்றும் நிலப் பேச்சு வந்தால் குரலைத் தாழ்த்துவார். அந்தப் பழக்கத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பெண்கள் வயலில் இழந்தது இது முதல் முறையும் அல்ல. முன்பு அறுவடை என்றால் உள்ளங்கைக்குள் அடங்கும் ஆனி-ஆனிக் கத்தியால் கதிர் கதிராக அறுத்து, அறுத்ததில் ஒரு பங்கை நெல்லாகவே வீட்டுக்கு எடுத்துப் போவார்கள். யார் வந்தாலும் அறுக்கலாம். நிலமில்லாத பெண்ணின் குதிரிலும் நெல் இருந்தது. எழுபதுகளில் புதிய குட்டை ரகங்கள் வந்தன, அரிவாள் வந்தது. நிற்கும் பயிரையே மொத்தமாக விலை பேசி, தன் ஆட்களைக் கூட்டிவந்து அறுக்கும் வியாபாரி வந்தார். அதே காலத்தில் அரவை இயந்திரம் வந்து, நெல் குத்திக் கூலி வாங்கிய லட்சக்கணக்கான ஜாவாப் பெண்களின் உலக்கையை மூலையில் சாத்தியது. இப்போது சில வயல்களில் அறுவடை இயந்திரம் இறங்குகிறது. அதன் பின்னால் கதிர் பொறுக்கப் போகிறவர்களுக்கும் முன்போல் கிடைப்பதில்லை. விளைச்சல் கூடியது, உண்மை. 1984-இல் நாடு அரிசியில் தன்னிறைவு கண்டது. அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் ஒவ்வொரு மாற்றத்திலும் பெண்ணின் பங்கு யாரும் முடிவெடுக்காமலே போயிற்று. யாரிடமும் கேட்கவில்லை, எங்கும் எழுதவில்லை. இந்தச் சான்றிதழ் விஷயத்தில் மட்டுமாவது முன்கூட்டியே தெரிகிறது. எழுதப்போகிற கையும் யாருடையது என்று தெரிகிறது.

சட்டம் நம் பக்கம்தான் இருக்கிறது. 1974-ஆம் ஆண்டின் 1-ஆம் எண் திருமணச் சட்டம், 35-ஆம் பிரிவில், திருமண வாழ்க்கையில் சேர்ந்த சொத்து இருவருக்கும் பொது என்கிறது. கோனோ-கினி என்று ஜாவாக்காரர்கள் அதற்கும் முன்பிருந்தே சொல்லி வந்ததுதான். தாய்வீட்டிலிருந்தோ தந்தைவழியிலோ தனித்து வந்தது அவரவருக்கு. 36-ஆம் பிரிவு, பொதுச் சொத்தை விற்கவோ அடகு வைக்கவோ இருவர் சம்மதமும் வேண்டும் என்கிறது. முஸ்லிம்களுக்கான 1991-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பும், ஒருவர் இறந்தாலோ மணமுறிவு ஆனாலோ பொதுச் சொத்தில் பாதி மற்றவருக்கு என்று 96, 97-ஆம் பிரிவுகளில் சொல்கிறது. பெயர் எழுதாவிட்டாலும் உரிமை இருக்கிறது அல்லவா என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது, நீதிமன்றத்தில். வயலில் வேலை செய்துகொண்டே அங்கே அலைய யாருக்கு முடியும்? மாவட்டத் தலைநகரில் ஒரு நாள் போய்வர ஒரு நாள் கூலி போகும். எதிர்த்தரப்பில் நிற்பது சொந்தக் கொழுந்தன். இருவர் பெயரும் எழுதியிருந்தால் சண்டை தொடங்கவே இடம் இருக்காது.

இரண்டு பெயர் எழுதினால் வங்கிக் கடன் வாங்கச் சிக்கல், விற்கச் சிக்கல் என்று ஒருவர் கூட்டத்தில் சொன்னார். இப்போதே அடகு வைத்தாலும் விற்றாலும் மனைவியின் கையெழுத்தைக் கேட்கிறார்கள், 36-ஆம் பிரிவு அப்படி. ஆகவே நேர்மையாக விற்பவருக்கு இரண்டாவது பெயரால் கூடுதல் வேலை ஏதும் இல்லை. திருமணமே ஆகவில்லை என்று காட்டி விற்க நினைப்பவருக்கும், நகரத்தில் வேறொரு குடும்பம் வைத்திருப்பவருக்கும்தான் இடைஞ்சல். செலவும் பொருட்டல்ல. 2017-இல் மூன்று அமைச்சர்கள் சேர்ந்து இட்ட முடிவுப்படி இந்தப் பதிவுத் திட்டத்தில் ஜாவாவிலும் பாலியிலும் ஆயத்தச் செலவுக்கு வாங்கக்கூடிய உச்சம் 1,50,000 ரூபியா. அது நிலத்துண்டுக்கான கணக்கு, பெயருக்கானது அல்ல.

இன்னொரு பதில்தான் எனக்குக் கடினமானது. பெண்களே வேண்டாம் என்கிறார்கள் என்பது. உண்மை, கூட்டத்தில் கேட்டால் அப்படித்தான் சொல்வார்கள். கணவர் முன்வரிசையில் உட்கார்ந்திருக்க, மாமனார் பக்கத்தில் இருக்க, தேநீர்த் தட்டோடு நிற்கும் பெண்ணிடம் உன் பெயர் வேண்டுமா என்று கேட்டால், அவர் சொல்கிறபடி என்றுதான் பதில் வரும். வேறு பதில் சொல்ல அங்கே இடமில்லை. அதே பெண்ணிடம் களத்தில் நெல் காயவைக்கும்போது நான் கேட்டிருக்கிறேன். எந்த வருடம் வாங்கினோம், எத்தனை கிராம் தங்கம் போயிற்று, யாரிடமிருந்து வாங்கினோம், அப்போது மூத்தவன் எத்தனை மாதக் குழந்தை என்று வரிசையாகச் சொல்வாள். பதிவேட்டின் வெறுமையான கட்டத்தில் வர வேண்டியது அத்தனையும் அவள் நினைவில் இருக்கிறது. போய்க் கேட்பதற்கு ஆள் அனுப்புங்கள். குழந்தைகளுக்கு எடை பார்க்கும் போஸ்யாண்டு தன்னார்வலர்கள் ஒவ்வொரு வீட்டின் பின்வாசலையும் அறிந்தவர்கள். அவர்களில் சிலரை நிலப் பதிவுக் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மகள்கள் விஷயத்தில் நான் எந்தப் பங்கு முறையையும் திணிக்கவில்லை. சில குடும்பங்களில் மகனுக்கும் மகளுக்கும் சமமாகப் பிரிக்கிறார்கள். சில குடும்பங்களில் மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று. கடைசிவரை பெற்றோரைப் பார்த்துக்கொண்ட கடைக்குட்டிக்குப் பெரும்பாலும் வீடு. மார்க்கப்படி பங்கை அறிந்துகொண்ட பிறகு வாரிசுகள் மனமொத்துப் பிரித்துக்கொள்ளலாம் என்று 1991 தொகுப்பின் 183-ஆம் பிரிவே வழி விடுகிறது. மனமொத்து என்றால் எல்லோரும் அந்த அறையில் இருக்க வேண்டும். ஜகார்த்தாவில் தள்ளுவண்டிக் கடை வைத்திருக்கும் மகளுக்குப் பதில் அண்ணன் கையெழுத்துப் போடுவது மனமொத்தது ஆகாது. லெபாரான் என்னும் நோன்புப் பெருநாளுக்கு எல்லோரும் ஊர் திரும்புகிறார்கள். வாரிசு நிலங்களின் தாள்களை அந்த வாரத்தில் எழுதுங்கள். வர முடியாதவரை, ஹாங்காங்கில் இருப்பவரை, காணொளி அழைப்பில் கேளுங்கள். இரண்டு சாட்சிகள் பார்க்கட்டும்.

நான் பிறந்த தமிழ்நாட்டில் மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான உரிமை 1989-இலேயே சட்டமானது. அதற்குப் பிறகும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சீர்வரிசையோடு போன பெண்கள் என் வீட்டிலேயே உண்டு. சட்டம் இருப்பது போதாது, பெயர் எழுதும் இடத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதே முக்கியம் என்று நான் சொல்வது அதனால்.

சான்றிதழில் இருக்கும் பெயருக்கு எவ்வளவு வலு என்பதைச் சோலோ–யோக்யகர்த்தா விரைவுச்சாலை நமக்குக் காட்டிவிட்டது. கார்த்தசுராவிலிருந்து கிளாத்தென் வரையான பகுதி 2024-இல் திறக்கப்பட்டது. அதற்காக இந்த மாவட்டத்தில் எத்தனையோ வயல்கள் போயின. வயலாக இருந்தபோது அதில் பல கைகள் இருந்தன: விளைச்சல் பங்குக்கு உழுத வாரக்குடி, நட்டவர்கள், வாய்க்கால் திறந்துவிடும் நீர்பாய்ச்சி, கதிர் பொறுக்கியவர்கள். நஷ்டஈடு என்று வந்தபோது தாளில் பெயர் இருந்தவர் கைக்கு மட்டும் மொத்தமாகப் போயிற்று. பணம் வந்த வாரத்தில் புதுக் கார் வாங்கிய வீடுகளை எல்லோரும் பேசினோம். அந்தப் பணத்தில் மனைவிக்கு என்ன சேர்ந்தது, அதே நிலத்தில் வாழ்ந்த வாரக்குடிக்கு என்ன சேர்ந்தது என்று யாரும் கேட்கவில்லை.

வாரக்குடிகளைப் பற்றி ஒரு வார்த்தை. 1960-ஆம் ஆண்டின் 2-ஆம் எண் சட்டம், பாதிப் பங்குக்கோ மூன்றிலொரு பங்குக்கோ நிலம் விடும் ஒப்பந்தத்தை ஊர்த் தலைவர் முன்னிலையில் எழுத்தில் செய்ய வேண்டும், நன்செய்க்குக் குறைந்தது மூன்று ஆண்டு, புன்செய்க்கு ஐந்து ஆண்டு என்கிறது. நம் ஊரில் எல்லாமே வாய்மொழி. அந்தச் சட்டம் பொறுப்பைக் கொடுத்திருப்பது உங்கள் பதவிக்கு, பாக் லூரா. இதற்கே தனி மடல் வேண்டும், பிறகு எழுதுகிறேன்.

நிலத்துண்டுகள் சிறுத்துக்கொண்டே போகின்றன என்பதையும் மறைக்க விரும்பவில்லை. நாடு முழுவதும் அரை ஹெக்டேருக்குக் குறைவாக வைத்திருக்கும் உழவர் குடும்பங்கள் 2013 கணக்கெடுப்பில் சுமார் 1 கோடியே 42 லட்சம். 2023-இல் சுமார் 1 கோடியே 69 லட்சம். மகள்களுக்கும் பிரித்தால் இன்னும் துண்டாகும், உழவே முடியாது என்று கவலைப்படுகிறவர்களின் கவலை பொய்யல்ல. ஆனால் வயலைப் பிளக்காமலே பல பெயர்களில் ஒரே சான்றிதழ் வாங்கலாம். உழுவது ஒருவர், விளைச்சலில் பங்கு எல்லோருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். இந்த ஊரில் அண்ணன் தம்பிகள் வருடம் மாற்றி வருடம் ஒரே வயலை உழுவதைப் பார்த்திருக்கிறேன். அந்த முறையில் அக்கா தங்கைக்கு இடம் வைக்க ஏன் முடியாது?

இதை நீங்கள் தனியாகச் செய்ய வேண்டியதில்லை. அளவை முடிந்த பிறகு வரைபடத்தையும் பெயர்ப் பட்டியலையும் ஊர் அலுவலகத்தில் 14 நாள் ஒட்டி வைத்து ஆட்சேபம் கேட்பது இந்தத் திட்டத்தின் விதி. தாளை அலுவலகச் சுவரில் ஒட்டுவது விதிக்குப் போதும். நம் ஊருக்குப் போதாது. அந்தச் சுவரைப் போய்ப் பார்க்கிறவர்கள் அலுவலகத்தில் வேலை உள்ள ஆண்கள். அந்த இரண்டு வாரத்தில் ஒவ்வொரு குடியிருப்பிலும் பெண்களின் சீட்டுக் கூட்டத்திலும், வியாழன் இரவு குர்ஆனின் யாசின் அத்தியாயம் ஓதும் கூட்டத்திலும் பட்டியலை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். இந்தத் துண்டு, இந்த எல்லை, இந்தப் பெயர் என்று. தவறிருந்தால் அங்கேயே எழுந்து சொல்வார்கள், பயப்பட ஆண்கள் பார்வை அங்கே இருக்காது. சான்றிதழுக்குப் போகும் கோப்பில் நிலம் வந்த விதத்தை ஒரு வரியில் சேர்த்து எழுதுங்கள்: விலைக்கு வாங்கியதா, எந்த ஆண்டு, திருமணத்துக்கு முன்பா பின்பா. லெத்தர் சேயின் கடைசிக் கட்டத்தையும் அதே கையோடு நிரப்பி விடுங்கள். சான்றாக நிற்காவிட்டாலும் குறிப்பாக நிற்கும் என்றுதானே விதி சொல்கிறது. நாளை ஒரு பேத்தி வந்து கேட்கும்போது காட்ட ஏதாவது இருக்க வேண்டும்.

உங்களுக்கும் அலுவலர்களுக்கும் சம்பளத்தோடு தரப்படும் மானிய நிலத்தையும், ஊர்ப் பொது நிலத்தையும், வாய்க்கால் கரையையும் மயானத்தையும் ஊர் பெயரிலேயே தெளிவாகப் பதிந்து விடுங்கள் என்று பெரியவர்கள் சிலர் என்னிடம் சொல்லி எழுதச் சொன்னார்கள். எழுதிவிட்டேன்.

ஊர் ஆலோசனை மன்றத்தில் பெண்களுக்கு இடம் உண்டு என்று 2016-ஆம் ஆண்டின் உள்துறை விதி சொல்கிறது. நம் மன்றத்திலும் ஒரு பெண் உறுப்பினர் இருக்கிறார். பதிவுக் குழுவின் முதல் கூட்டத்துக்கு அவரை அழையுங்கள். குறிப்பெடுக்க அல்ல, பேச.

அடுத்த ஊர்க்கூட்டத்தின் நிரலில் இதைச் சேர்த்து, குழு எடுக்கும் முடிவை எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். முடிவு எனக்குச் சாதகமாக இல்லாவிட்டாலும் காரணத்தோடு எழுதுங்கள், பதில் சொல்ல முடியும். கூட்டத்தை நடவு முடிந்த வாரத்தில், மாலையில் வையுங்கள். நடவு நாட்களில் வைத்தால் இதைப் பற்றிப் பேச வேண்டியவர்கள் எல்லோரும் வயலில் இருப்பார்கள்.

மரியாதையுடன்,
உங்கள் ஊர் மருமகள் ஒருத்தி,
கிளாத்தென் மாவட்டம், மத்திய ஜாவா